பழியை ஏற்ற விசிறி

தையற்காரரின் மகளுக்குத் துறைமுக வானொலி நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. படகோட்டிகளுக்காக, காற்றும் அலையும் எப்படியிருக்கும் என்று அரைமணி நேரம் வாசிக்க வேண்டும். அவளோ சிறு வயதில், 'க' வரும் இடத்திலெல்லாம் நாக்கு மரத்து நின்றவள். கடல் என்றும் காற்று என்றும் சொல்லாமல் வானிலை வாசிக்க முடியுமா? அன்று அவளுடைய முதல் வாசிப்பு. காலையிலிருந்து தந்தைக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வரவில்லை.

அந்த நிலையம் மத்திய அலையில் மட்டுமே ஒலிபரப்பாகும். அவரிடம் இருந்தது தோலுறை போட்ட பழைய டிரான்சிஸ்டர். முள்ளை நிலையத்தில் நிறுத்தினார். கரகரவென்ற இரைச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. அறிவிப்பாளரின் பேச்சு கால் சொல்லும் அரைச் சொல்லுமாக அதில் மிதந்தது.

"இப்படிக் கேட்டா, திக்கினது அவளா, இந்த இரைச்சலான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மனைவியிடம்.

"புலம்பாதீங்க. எங்கேருந்து வருதுன்னு போய்ப் பாருங்க."

வானொலியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தார். சமையலறையில் இரைச்சல் தணிந்தது. கூடத்தின் இடப்பக்கச் சுவரருகே சீறியது. சுவருக்கு அப்பால் சகலையின் வீடு. அச்சகத்தில் வேலை பார்ப்பவர். கோழிக்குஞ்சு பொரிக்கும் மின்பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அன்றாடம் மனைவியின் வாயில் விழுபவர்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் வானொலி அலறியது. மின்பெட்டிக்குள் சூட்டைப் பரப்பும் சிறு விசிறியின் மோட்டார்தான் குற்றவாளி.

"அரைமணி நேரம் நிறுத்தி வையேன், சகலை. பொண்ணு வாசிக்கப் போறா."

சகலையின் முகம் சுண்டியது. "போன தடவை கரண்ட் போய் ஒரு முட்டைகூடத் தேறலே. இன்னைக்குத்தான் ஓடு விரியுது. நீங்களே பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

தையற்காரர் குனிந்து பார்த்தார். ஓட்டில் ஊசி குத்தியது போல் ஒரு துளை. உள்ளிருந்து ஓர் அலகு முட்டியது, ஓய்ந்தது, மறுபடி முட்டியது.

"வேணாம், ஓடட்டும்" என்றார்.

அப்போதுதான் கவனித்தார். குனிந்த வேகத்தில் கையிலிருந்த வானொலி திரும்பி, அதன் விலாப்புறம் மின்பெட்டியை நோக்கியிருந்தது. இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. நேராகத் திருப்பினார், அலறியது. மறுபடி விலாவைக் காட்டினார், அடங்கியது. முயல் தன் காதைத் திருப்பிக்கொள்வதுபோல, அந்தப் பழைய வானொலிக்குள் கிடந்த ஏரியல் தண்டு, தன் நுனி நோக்கும் திசையைக் கேளாமல் விட்டது.

"அட, இது வேண்டாததைக் கேக்காம இருக்குது, சகலை!"

"என் பெண்டாட்டி பேசும்போது எனக்கு ஒண்ணு இரவல் குடுங்க" என்றார் சகலை.

சற்று நேரத்தில் இரு வீட்டுத் தம்பதியருமாக நால்வரும் தையற்காரரின் சமையலறையில், கோணலாக வைத்த வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். மகளின் குரல் தெளிவாக வந்தது. காற்றைக் கடந்தாள். அலையைக் கடந்தாள்.

"க... க... கடல் அமைதியாக இருக்கும்."

அந்த நேரத்தில் துளி இரைச்சலும் இல்லை. அது நால்வருக்கும் தெரியும்.

"அது என் மோட்டார்" என்றார் சகலை அவசரமாக. "பாழாப்போனது, இங்கேயும் விட மாட்டேங்குது."

தையற்காரர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "உன் மோட்டாரேதான்யா. முதல்ல அதுக்கு எண்ணெய் போடு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் தாய். "அவ பேசிட்டிருக்கா."

அடுத்த 'கடல்' சற்று மெதுவாக வந்தது. ஆனால் முழுதாக வந்தது.