மேல் கோர்ட்டுக்குப் போகும் கட்டு

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவரை, இறந்துபோன மனைவியோடு கோர்ட்டில் வேலை பார்த்த பெண் உள்ளறைக்கு அழைத்தாள்.

"அண்ணே, இந்த நேரத்துல கேக்கவே வாய் வரல. அக்கா ஒரு கேஸ் கட்டு எடுத்துட்டு வந்தாங்களா?"

அது மேஜையில் இருந்தது. காலையில் அதன் பக்கத்தில்தான் தலையைச் சாய்த்திருந்தாள். காபியை வைத்துவிட்டு இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"மூணு மணி வண்டில மேல் கோர்ட்டுக்குப் போகணும்ணே. ஒரு அம்மா, துணி தேய்க்கிறவங்க. புது இஸ்திரிப் பெட்டி வெடிச்சு வலது கை போச்சு. எங்க நுகர்வோர் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. கம்பெனிக்காரன் மேல போயிட்டான். ரெக்கார்ட் ரூம்ல தண்ணி ஒழுகி கட்டு பாழாப்போச்சு. கட்டு வரலன்னு ரெண்டு வாய்தா தள்ளியாச்சு. நாளைக்கும் போகலன்னா அந்த அம்மா சும்மாவே அலையணும்."

"என்ன பாக்கி?"

"பக்கத்துக்கு நம்பர் போடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் அவர் செய்த கேலி அது. "ஒண்ணு, ரெண்டு எழுதறதுக்கு ஒரு உத்தியோகம்!" என்பார். "நீங்க மட்டும் என்னவாம், ரோடு வளைஞ்சா பஸ்ஸ வளைக்கிறீங்க" என்று அவள் பதிலுக்கு வாருவாள்.

எண்கள் 219-இல் நின்றிருந்தன. அவர் பேனாவை எடுத்தார்.

"கையெழுத்து மாறுதேன்னு யாராவது கேட்டா?"

"நான் எதையும் பாக்கலண்ணே" என்று அவள் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள்.

220. 221. நனைந்து நைந்த தாள்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மனைவி மெல்லிய தாள் ஒட்டி நிமிர்த்தியிருந்தாள். ஓர் எழுத்தைக்கூட மேலே எழுதித் திருத்தவில்லை. மங்கியது மங்கியபடியே இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு, கட்டுப்போட்ட கையின் படம், இடது கையால் கோணல்மாணலாக எழுதிய மனு. மூன்று வாரமாக அவள் சாப்பிட்டதும் இந்த அறைக்குள் போய்விடுவாள். இவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

311-இல் தாள்கள் தீர்ந்துவிட்டன. முதல் பக்கத்துப் பட்டியலில் அவள் மொத்தம் 312 என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: இஸ்திரிப் பெட்டி வாங்கிய ரசீது.

"ஐயோ, அது இல்லன்னா பெட்டியே வாங்கலன்னு சாதிச்சிடுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

இழுப்பறை, கைப்பை, குப்பைக்கூடை, எங்கும் இல்லை. வெளியே மைத்துனி குரல் கொடுத்தாள். "மாமா, எடுக்க நேரமாச்சு. எல்லாரும் நிக்கறாங்க."

"நிக்கட்டும்."

மனைவி பக்கங்களைத் தப்பாக எண்ணமாட்டாள். அது ஒன்று மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தார். கன்னத்துக்குக் கீழே, மேஜைக் கண்ணாடிக்கு அடியில், அவருடைய காக்கிச் சட்டைப் படத்துக்குப் பக்கத்தில், பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு சீட்டு. பசை காய்ந்து நிமிர்வதற்காக வைத்திருக்கிறாள்.

கண்ணாடியைத் தூக்கி ரசீதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஒன்றல்ல, பதினாலு துண்டு. எண்ணினார். மறுபடி எண்ணினார். விரலால் தடவினால் ஓர் ஒட்டுகூடத் தட்டுப்படவில்லை.

"அம்மாடி" என்றார், வேறு வார்த்தை கிடைக்காமல்.

312 என்று எழுதினார். அந்தப் பெண் கட்டை இறுக்கிக் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

கூடத்தில் மைத்துனி ஈரத்துணியால் அக்காவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் காய்ந்த பசை. அதில் ஒரு நூலளவு காகிதம் ஒட்டியிருந்தது.

"போகவே மாட்டேங்குது மாமா."

அவர் துணியை வாங்கி மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும்."