ஏழு நிமிடச் சத்தம்

காலை ஆறரைக்கு எங்கள் தெருவில் ஒரு சத்தம் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள், யாரோ தகரத்தை ரம்பத்தால் அறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஏழு நிமிடம் கீச்சென்று அலறிவிட்டு அடங்கும். பழகியவர்களுக்கு அதுதான் கடிகாரம். "புரூஃப் சாருக்குத் தொண்டை திறக்குது, எழுந்திருடா" என்று என் அம்மா போர்வையை உருவுவாள்.

புரூஃப் சார் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். மகளுக்கு மூன்று வயதாகும்போது தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். ரப்பர் பொத்தான்கள், திரைக்குப் பழைய டி.வி. பொத்தான்களைத் தட்டினால் அது பேசும். ஆனால் சுவிட்சை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் காலையில் டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டை ஓடவிட்டு, பேசும் வித்தையை மறுபடி அதற்குள் ஏற்ற வேண்டும். அந்த ஏற்றுகிற சத்தம்தான் தெருவை எழுப்பியது.

சாரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஏழு நிமிடமும் அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பார். "பாதியில நின்னா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும். நம்ம கையில என்ன இருக்கு தம்பி?" என்பார்.

ஒலியை ஆங்கில எழுத்தில் துண்டு துண்டாகத் தட்டினால் தமிழ் மாதிரி ஒன்று வரும். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஜலதோஷக்காரர் பேசுவதுபோல இருக்கும். அந்தக் குரலில்தான் மகள் கதை கேட்டாள், திட்டு வாங்கினாள், கல்யாணமாகிப் புறப்பட்டபோது "போயிட்டு வா" கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்ததற்கு, "உங்கப்பா கத்துவாரு, எங்கப்பா ரேடியோல பேசுவாரு" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

போன மாதம் டேப் ரெக்கார்டர் அந்தக் கேசட்டைத் தின்றுவிட்டது. அக்கா சிக்கலை ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு என் கடைக்கு எடுத்துவந்தார்.

"இதை ஒட்ட முடியுமா தம்பி?"

"அக்கா, நான் மொபைல் ரிப்பேர் பண்றவன்."

"அதுவும் பேசுறதுதானே?"

நாடா நான்கு இடத்தில் அறுந்து, கசங்கி, பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. ஒட்டினாலும் பயனில்லை. மாப்பிள்ளை தூரத்தில் இருந்தே ஒரு செயலியைச் சொல்லி அக்காவின் ஃபோனில் போடவைத்தார். அழகான ஆண் குரல், தெள்ளத் தெளிவான தமிழ். சார் அதில் தட்டி அனுப்பியதைக் கேட்டு மகள் அழுதுவிட்டாளாம். "நியூஸ் வாசிக்கிற ஆள் மாதிரி இருக்கும்மா. எங்கப்பா எங்க?"

அவளுக்கு நிறைமாதம்; பயணம் கூடாது என்றதால் தாய்வீட்டுக்கு வரவில்லை, சாரைத் தனியே விட்டு அக்காவும் போகவில்லை, சம்பந்தியம்மாதான் கூட இருந்தார். குழந்தை குறுக்கே திரும்பிக் கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். உள்ளே போவதற்கு முன்னால் அப்பாவின் பழைய குரலை ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. சார் ரப்பர் பொத்தான்களை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் இணையத்தில் தேடினேன். பழைய கேசட்டுகளைப் பாதுகாத்து வைக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பேசும் நிரல் மூன்று இடங்களில் கிடைத்தது. இரண்டு பாதியிலேயே கெட்டுப்போனவை. மூன்றாவதை ஏற்றிவைத்தவர் பெயர்கூடப் போடவில்லை. "என் தாய் இதை வைத்துத்தான் பேசினாள். இனி அவளுக்குத் தேவையில்லை. யாருக்காவது உதவட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தார். அதைத்தான் இறக்கிக்கொண்டேன்.

கேசட்டில் இருந்ததெல்லாம் வெறும் சத்தம்தானே. கிடைத்த நிரலைக் கடைக் கம்ப்யூட்டரில் சத்தமாக மாற்றி, ஃபோனில் ஓடவிட்டு, ஒரு ஒயரில் சாரின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது கேசட் என்றே நம்பிக்கொள்ளும். என் புது ஃபோனில் ஒயர் செருகும் ஓட்டை கிடையாது. அக்காவின் பழைய ஃபோனில் இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். பத்தரைக்கு மகளை உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள்.

முதல் தடவை சத்தம் போதாமல் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. முழுச் சத்தம் வைத்தேன். டி.வி.யின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. சாருக்கு முகம் மலர்ந்தது. ஆறாவது நிமிடம் ஃபோன் மணி அடித்தது. அந்த மணியோசையும் ஒயர் வழியாக உள்ளே போய், கோடுகள் நின்று, பிழை என்று ஒரு வரி வந்தது.

கூப்பிட்டது மகள். "ஏறிடுச்சாம்மா?"

"ஏறிட்டிருந்துச்சுடி, நீதான் தள்ளிவிட்ட!"

மறுபடி ஓடவிட்டோம். நான்காவது நிமிடம் சம்பந்தியம்மா. "ஏறிடுச்சான்னு கேக்கலாம்னு..."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ஏழு நிமிஷம் யாரும் கூப்பிட முடியாதபடி வச்சிடறேன்."

"அது மட்டும் முடியாது. பொண்ணு அங்க ஆஸ்பத்திரியில கிடக்குறா. அவ கூப்பிட்டு என் ஃபோன் எடுக்கலைன்னா? அந்த ஏழு நிமிஷத்துல எதாவதுன்னா?"

"அப்ப சார் எப்படிப் பேசுறது?"

"அதைத்தான் உன்னைக் கேக்குறேன்!"

சார் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார். 'முப்பது வருஷமா இவளோட வாதம் பண்ணிப் பாத்துட்டேன். எனக்குக் குரலே இல்லாம போனதுக்கு அப்புறமும் அவதான் ஜெயிக்கிறா.'

சிரிப்பு வந்தது. சிரித்தவுடன் புத்தியும் வந்தது. தினம் பத்துப் பேருக்கு சிம் மாற்றிக் கொடுக்கிறவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அக்காவின் சிம்மைக் கழற்றி என் ஃபோனில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். என் சிம் மேஜைமேல் கிடந்தது. அன்று காலை கடையைத் தேடி யார் கூப்பிட்டார்களோ தெரியாது; தெரியாமலே இருக்கட்டும்.

மணி பத்து ஐந்து. சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அக்கா கைகூப்பினார், நடுவில் என் ஃபோன். இரண்டாவது நிமிடம் அது அதிர்ந்தது. அக்கா எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"பேசாதடி. அப்பா ஏறிட்டிருக்காரு."

அந்தப் பக்கம் மகள் பேசவில்லை. வைக்கவும் இல்லை. இங்கே கீச்சிட்டது அவளுக்கும் கேட்டிருக்கும். சிறு வயதில் தினமும் அவளை எழுப்பிய சத்தம் அல்லவா? ஐந்து நிமிடம் அவள் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து என் அம்மாவின் குரல்தான் ஜன்னல் வழியாக வந்தது: "என்ன சார், இன்னைக்குப் பத்து மணிக்கா விடியுது?"

சத்தம் நின்றது. திரை ஒருமுறை வெளுத்தது. கீழே ஒரு சின்னக் கட்டம் துடித்துக்கொண்டு நின்றது.

சார் தட்டினார். தப்பாக விழுந்த ஒரு எழுத்தை அழித்துத் திருத்திவிட்டுத்தான் அனுப்பினார். தொழில் புத்தி போகுமா?

"சாப்... பிட்... டியா?" என்றது டப்பா.

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஆபரேஷனுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுப்பா!"

சார் யோசித்தார். "சரி. வந்து. சாப்... பிடு."

"ம். வந்து சாப்பிடுறேன்" என்றாள் அவள். நர்ஸ் கூப்பிடுவது கேட்டது. அக்கா ஃபோனைக் கீழே வைக்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை அழைத்தார். பெண் குழந்தை. தாயும் நலம்.

அன்று மாலை, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு அந்தத் தளத்தில் நன்றி எழுதிப் போட்டேன். பதில் இன்றுவரை வரவில்லை. எங்கோ செய்த நன்மை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். கடவுளுக்குத் தெரியும்.

மறுநாள் ஆறரைக்குச் சத்தம் வந்தது. அம்மா போர்வையை இழுக்க வரும்போது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

"கை ஏண்டா கூப்பியிருக்க?" என்றாள்.

"பேசாதம்மா. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."