துலேலாவின் கூரைமரம்

ஹத்துமேரி தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனையின்போது குண்டு வைத்தவன் துலேலாக்காரன். பதினேழு பேர் செத்துப்போனார்கள், கோயிலும் இடிந்து விழுந்தது. அந்தச் செய்தி தெரிந்ததிலிருந்து துலேலாவின் ராஜா, அதாவது ஊர்த்தலைவர், ஜபார் சோற்றில் கை வைக்கவில்லை.

அம்போன் தீவில் அந்த இரண்டு ஊரும் பேலா. பாட்டன் பூட்டன் காலத்தில் சத்தியம் செய்து உடன்பிறப்பானவர்கள். அதனாலேயே பெண் கொடுத்து எடுப்பதுகூடக் கிடையாது. ஹத்துமேரியில் கிறிஸ்தவக் கோயில் எழும்பினால் கூரைக்கு மரம் முஸ்லிம் ஊரான துலேலாவிலிருந்துதான் வரும். துலேலா பள்ளிவாசலின் நடுத்தூணை ஹத்துமேரிக் கிறிஸ்தவர்கள்தான் தோளில் சுமந்து வந்தார்கள்.

இது தெரியாமல் ஜனாதிபதி லரசாத்தி அம்மாள் தொலைக்காட்சியில் வாக்குக் கொடுத்துவிட்டார். ராணுவம் வந்து, இரும்புக் கூரை போட்டு, கிறிஸ்துமஸுக்குள் கோயிலைக் கட்டித் தருமாம். நாடே கைதட்டியது. ஜபார் மட்டும் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நம்ம மரம் போகலைன்னா பேலா அத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் மனைவியிடம்.

"நம்ம ஊர்ப் பய செஞ்ச வேலைக்கு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மரத்தத் தூக்கிட்டுப் போவீங்க?" என்றாள் அவள்.

இருந்தும், ஜனாதிபதி ஹத்துமேரிக்கு வந்த அன்று ஜபார் அங்கே போனார். காவலர்கள் வேலியோரமே நிறுத்திவிட்டார்கள். துலேலா என்றதும் ஒருவன் சட்டையைத் தடவிச் சோதித்தான். அதைப் பார்த்துவிட்ட ஜனாதிபதி நேரே அவரிடம் வந்தார்.

"என்ன சொல்லணும் ஐயா?"

"கோயிலக் கட்டுங்கம்மா. கூரைய மட்டும் விட்டுடுங்க. அது எங்க கடமை." பேலாவின் முழுக் கதையையும் சொன்னார்.

கூட வந்த அமைச்சர் ஜனாதிபதியின் காதோரம் குனிந்தார். "இப்பப் பின்வாங்கினா பயந்துட்டோம்னு பேசுவாங்கம்மா."

"பேசட்டும்."

தலைவர்களுக்குக் கல்லைக்கூட விழுங்க வரும், சொன்ன சொல்லை விழுங்க வராது. அந்த அம்மாள் விழுங்கினார், அதுவும் ஒலிபெருக்கி முன்னால்.

"இந்த ஊர் வழக்கத்தக் கேக்காம வாக்குக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது. குண்டு வச்சவன் ரெண்டு ஊரையும் பிரிக்கத்தான் வச்சான். அவன் வேலைய நான் முடிச்சுவைக்க மாட்டேன். இரும்பு வராது. கூரைய யாரு போடணும்னு ஹத்துமேரி சொல்லட்டும்."

எல்லோரும் ஹத்துமேரி ராஜா டொமிங்கஸைப் பார்த்தார்கள். குண்டுவெடிப்பில் மகளைப் பறிகொடுத்த மனிதர். பேலா கேட்டதை மறுக்கக் கூடாது என்பது சத்தியம். ஜபார் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"உன்கிட்ட நான் கேக்கல டொமி. கேட்டா உன்னால மறுக்க முடியாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு."

டொமிங்கஸ் இடிந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"போன தடவ பச்ச மரத்தக் கொண்டாந்து தள்ளிட்டீங்க. ரெண்டே மழையில வளைஞ்சுபோச்சு" என்றார். "இந்தத் தடவையாவது காஞ்சதாக் கொண்டா."

ஜபார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். டொமிங்கஸும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவராலும் அழுகையை அடக்க முடியவில்லை.

கேமராக்கள் ஓடி வந்தன. ஜனாதிபதி அந்த இருவரையும் மறைத்தபடி முன்னால் போய் நின்றுகொண்டார்.

"எடுக்கணும்னா என்னைய எடுங்க. வார்த்த மாறினவ நான்தானே."

அன்று மாலைச் செய்தியில் நாடு பார்த்தது அவர் முகத்தை மட்டும்தான்.