சிஸ்டர் வஹிதாவின் மேல்படிப்பு

பதினோரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்த பிறகு, 1971இல் வஹிதா மறுபடியும் மாணவி ஆனாள். மெட்ராஸில் நர்ஸுகளுக்கான மேல்படிப்பு, இரண்டு வருஷம். தர்மபுரியில் தையற்கடை வைத்திருந்த கணவர் அப்துல் ரஷீதுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“நீதான் ஏற்கெனவே நர்ஸாச்சே. இன்னும் என்ன படிக்கணும்?”

“நோயாளிய எப்படிப் பாக்கறதுன்னு.”

“இத்தன வருசமா பாக்காமயா இருந்தே?”

அதற்குப் பதிலை இனிமேல்தான் தேட வேண்டியிருந்தது. அதனால்தான் போனாள்.

வகுப்பில் வயதில் மூத்தவள் அவள்தான். நெஞ்சின் சத்தத்தைக் கேட்கவும், முதுகில் விரலால் தட்டி உள்ளே இருப்பது காற்றா நீரா என்று சொல்லவும் அங்கே கற்றுக்கொண்டாள்.

திரும்பி வந்தவளைச் சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் போட்டார்கள். டாக்டர் குப்புராஜ் அவளுடைய சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“ரொம்ப நல்லதுங்க சிஸ்டர். ஸ்டெதஸ்கோப்ப மட்டும் தொடாதீங்க. அது டாக்டருங்களுக்கு.”

துணி அறைச் சாவியைக் கொடுத்தார். வஹிதா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் துடைக்கத் துண்டுக்கு அங்கே பஞ்சமில்லை. அடுத்த மூன்று மாதம் போர்வை மடித்தாள்.

ஒருநாள் காசியம்மாள் இருமல் மருந்துக்கு நான்காவது முறையாக வந்தாள். கடலைக்காட்டில் கூலி வேலை செய்கிறவள். மூன்று முறையும் கிடைத்தது ஒரே சிவப்பு மருந்து.

“படுக்க முடியலீங்க நர்சம்மா. உக்காந்துக்கினேதான் தூங்கறனுங்க.”

வஹிதா அவளைத் துணி அறை ஸ்டூலில் உட்காரவைத்து முதுகில் தட்டினாள். வலப்பக்கம் காலிக் குடம் போல ஒலித்தது. இடப்பக்கம் நிறைகுடம் போல மந்தமாக இருந்தது.

“என்னங்க பண்றீங்க?” டாக்டர் வாசலில் நின்றார்.

“தட்டறேன் சார். ஸ்டெதஸ்கோப் தொடலீங்க. விரல் என்னோடது.” தட்டிய இடத்தை விரலால் காட்டினாள். “இடப்பக்கம் பாதி வரைக்கும் நீர் கோத்திருக்குங்க. நீங்களே பாருங்க.”

டாக்டர் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். காசநோய் என்று ஊசியும் மாத்திரையும் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் காசியம்மாள் மூச்சு வாங்காமல் நடந்து வந்து, ஊசி வலிக்கிறது என்று சண்டை போட்டாள். அந்தச் சண்டையைக் கேட்க வஹிதாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் அவளைப் பாராட்டவில்லை. தன் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். தன் பழைய ஸ்டெதஸ்கோப்பை அதன் மேல் வைத்தார்.

“மொதல்ல நீங்க பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க சிஸ்டர்.”

செய்தி மலை வரைக்கும் போனது. தட்டாமல் விட்டால் வைத்தியமே இல்லை என்று ஆகிவிட்டது. காலில் முள் குத்தி வந்த தீர்த்தகிரிகூடச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வஹிதா முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டாள். பிறகு முதுகையும் தட்டி அனுப்பினாள்.