ஹேவர்டு செண்பகம்

செண்பகத்தின் பாஸ்போர்ட் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சந்துமுனை திரும்புவதற்குள் மயிலாப்பூர் மாடுகள் எல்லாம் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுவிட்டன. அன்று தக்காளி கிலோ முப்பத்திரண்டு ரூபாய், கீரை கட்டு பதினைந்து. தெற்கு மாட வீதியில் பொன்மணியின் கீரைக்கூடையில் வாய் வைத்துக்கொண்டிருந்த செவலைப் பசு, மறந்துபோன வேலை ஞாபகம் வந்ததுபோல, வாயிலிருந்த அரைக்கட்டு முளைக்கீரையைக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டு, குளத்துக்குப் பின்னால் செண்பகம் குடியிருக்கும் சந்துக்கு நடந்தது. அதன் பின்னால் இன்னும் பதினெட்டு மாடுகள். செண்பகம் வாசலில் உட்கார்ந்து இட்லி மாவுப் பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், ரேஷன் கடையில்கூடக் காணாத ஒழுங்கில் வரிசையாக நிற்கின்றன. "இன்னா இங்க கூட்டம்? அவங்கவங்க வூட்டுக்குப் போங்க" என்றாள். போய்விட்டன. வழியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது நின்று போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் காரணம் மாடுகள் இல்லை, செண்பகத்தின் பிடிவாதம்தான். அவள் மகள் அன்புச்செல்வி இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம்; ஆனால் விமானம் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால், தாய் வீடே கிளம்பி மகளிடம் போவது என்று முடிவானது. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெண் எப்படிப் பிள்ளை பெறும் என்பது செண்பகத்தின் கேள்வி. மறுநாளே கச்சேரி ரோட்டில் அப்துல் வஹீத் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நம் ஊரில் ஆளுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் இனிஷியல், அதற்கு மேல் யாரும் ஆசைப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூடவே வரும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வஹீத் கடைக் கணினிக்கு அது புரியவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நகராமல் நின்றது.

"குடும்பப் பேரு கேக்குதுக்கா. எல்லாரும் வூட்டுக்காரர் பேரத்தான் போடுவாங்க. சொல்லு, அடிச்சிர்றேன்" என்றார் வஹீத்.

அதுதான் நடக்காத காரியம். வடபழனி கோயிலில் தாலி ஏறிய நாள் முதல் முப்பத்தொரு வருஷமாக அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை, எழுதிக் காட்டியதும் இல்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா காதில் போட்டுவைத்திருந்தாள். யாராவது சிரித்தால், "போனா உன் வூட்டுக்காரரா போவாரு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். ரேஷன் கார்டு வாங்கும்போது பெயரைச் சொல்லவென்றே பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப்போனவள், அன்று பார்த்துத் தனியாக வந்திருந்தாள். அப்பா பெயரைப் போடலாமே என்றால், குடும்பத்தை விட்டு ஓடின மனுஷனை இங்கிலாந்து வரைக்கும் எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வூட்டுக் கதவுல ஒரு பேரு கீது பாய், அதப் போடேன்" என்று போனில் இருந்த படத்தைக் காட்டினாள். கல்யாணமான வருஷம், அடையாற்றில் இடித்த ஒரு பழைய பங்களாவிலிருந்து அவள் புருஷன் தன் மீன்பாடி வண்டியில் ஏற்றி மிதித்துக்கொண்டு வந்த கதவு அது. அதில் ஒரு பித்தளைத் தகடு. வஹீத் எழுத்துக்கூட்டிப் படித்து அடித்தார்: ஹேவர்டு. கணினி சந்தோஷமாக அடுத்த பக்கத்துக்குப் போனது. பிறகு எந்த ஆபீசிலும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தக் கதையில் நம்புவதற்குக் கஷ்டமான இடம் அது ஒன்றுதான்.

மயிலாப்பூரில் அந்தப் பெயரை அதுவரை பீர் பாட்டிலில்தான் பார்த்திருந்தார்கள். விவரம் சொன்னவர், தினமும் அரை லிட்டர் மாவு வாங்கும் ராஜகோபாலன், கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். "ஆத்துல இருக்கற புஸ்தகத்தையெல்லாம் பொரட்டிப் பாத்துட்டேன் செண்பகம். வேலியைக் காக்கறவர்னு அர்த்தம். அந்தக் காலத்து இங்கிலாந்துல, ஊர்ப் பயிர்ல மாடு வாய் வைக்காம பாத்துண்டு இருக்கறது அவா உத்தியோகம். ஊர் கூடித்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும்" என்றார். அப்புறம் வேலி போய், வயல் போய், பெயர் மட்டும் பிள்ளைகளுக்கு வந்ததாம். இங்கிலாந்தின் தெற்குப் பக்கத்தில் அந்தப் பெயர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு; கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா போனவர்களும் ஏராளம். அவர்களில் ஒருவர்கூட இப்போது மாடு விரட்டுவதாகத் தெரியவில்லை. பல நூறு வருஷம் ஆளில்லாமல் கிடந்த உத்தியோகம் மயிலாப்பூரில் வந்து பொறுப்பேற்றுக்கொண்டது என்பது அவர் கட்சி. செண்பகத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதன் பிறகு மாட வீதிகளில் ஒரு கீரைத்தண்டு குறையவில்லை. பூக்காரிகள் கூடையைத் திறந்துபோட்டு டீ குடிக்கப் போனார்கள். மந்தைவெளி, ராயப்பேட்டை மாடுகளும் வந்து சேர்ந்து எண்ணிக்கை அறுபத்திரண்டு ஆனது. செண்பகத்தின் வாசலில், குடம் வைக்கிற இடத்தில், யாரும் பெயர் அறியாத ஒரு வெள்ளைப் பூ வேலி முளைத்தது. அந்தப் பெயருக்கு ஏகப்பட்ட கிராக்கி. பன்னிரண்டு பேர் வஹீத்திடம் வந்து அதையே போடச் சொன்னார்கள்; கணினி ஏற்றுக்கொண்டது, மாடுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் கொண்டாடியபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் அவள் புருஷன் ஒருவர்தான். "எத்தினி வருசமா உன்னோட குடித்தனம் பண்ணிக்கினு கீறேன்? நான் தூக்கினு வந்த கதவு பேரக் குடுத்துட்டு வந்துகீறயேமே" என்று ரெண்டு நாள் வீட்டில் டீ குடிக்கவில்லை. உன் ஆயுசுக்காகத்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது சொல்கிற விஷயமா என்ன.

விசா வந்தபோது பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு விமானம். பத்து மணிக்கு டாக்சி சந்துமுனையில் நின்றது. அறுபத்திரண்டு மாடுகளும் அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. "எழுந்துருங்க, வழிய வுடுங்க" என்றாள். முதல் முறையாக அவள் சொல் எடுபடவில்லை. காவலை விட்டுப் போகிறாயே என்று கேட்கிற மாதிரி அவளையே பார்த்தன. டிரைவர் சர்தார் ஹாரன் அடித்து ஓய்ந்தார். அரை மணி போனது, முக்கால் மணி போனது. போனில் அன்புச்செல்வி, "ராத்திரியிலருந்து இடுப்பு வலிக்குதும்மா, ஏறிட்டியா?" என்றாள். செண்பகம் நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள். மாவு வாங்க வந்த ராஜகோபாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஒரு யோசனைதான், நிச்சயம் இல்லே. உத்தியோகத்தை விட்டுப் போறவா, அடுத்தவர் பேரை ஊருக்கு முன்னாடி உரக்கச் சொல்லிட்டுத்தான் போயிருப்பா. நீ யாரைச் சொல்லப்போறே?"

வேறு யாரைச் சொல்வாள்? பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்தான் நின்றுகொண்டிருந்தார். செண்பகம் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். முணுமுணுத்துப் பார்த்தாள், செவலைப் பசு காதை ஆட்டியதோடு சரி. போனில் மகள் முனகுவது கேட்டது. அப்புறம் தெப்பக்குளத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பும்படி கத்தினாள்: "டில்லிபாபு!"

பெட்டி கீழே விழுந்தது. மாடுகள் எழுந்து அவர் பக்கம் திரும்பி வரிசையில் நின்றன. "வழிய வுடுங்க, எம் பொஞ்சாதி ஊருக்குப் போவுது" என்றார். விட்டன.

"உசுரோட கீறியாய்யா?" என்றாள் செண்பகம், கண்ணைத் திறக்காமல்.

"கீறேன்மே. இன்னொரு தபா சொல்லேன்."

டாக்சி லஸ் கார்னர் திரும்பும் வரைக்கும் சன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே போனாள்.

அன்புச்செல்விக்குப் பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு. செண்பகம்தான் முதலில் கையில் வாங்கினாள். டில்லிபாபுவுக்கு அந்த வருஷம் ஒரு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை. தினமும் ஒன்பதே முக்காலுக்கு மீன்பாடி வண்டியில் வந்து இறங்கி, மாடுகளைப் பார்த்துப் பேசி அனுப்பிவிட்டுத்தான் லோடு ஏற்றப் போனார். ஐந்து மாதம் கழித்து செண்பகம் திரும்பி வந்தபோது சந்துமுனையில் செவலைப் பசு நின்றது. யாரோ வெளியூர் ஆள் என்பதுபோல் அவளை ஏற இறங்கப் பார்த்தது. டில்லிபாபு தலையை ஆட்டிய பிறகுதான் நகர்ந்தது. அன்று கீரை கட்டு பதினெட்டு ரூபாய்.