ரோசம்மாளுக்கு ஒரு வார்த்தை

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியபோதே உலகநாதன் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் என் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாராம். துவைத்த வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். உலகநாதனின் அம்மாவை இனி வைத்துப் பார்த்துப் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது அந்த வீட்டு ஆட்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு போன் வந்து, பாகூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் என் டிசைன் கடையிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, கிழவியை உள்ளே கட்டிலில் கிடத்தியாகிவிட்டது. அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருக்க, உலகநாதன் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“ஒங்கப்பனுக்கு யாருடா சொன்னது?”

“தெரியல சார்.”

“எங்கம்மா இன்னும் மூச்சு வுட்டுகினு இருக்காங்க. இவன் எமன் மாரி முன்னாடியே வந்து ஒக்காந்துகினு இருக்கான். சூசை வந்து ஒக்காந்தா மறுநாளு பாடைன்னு ஊரே பேசுது. இன்னொருவாட்டி எந்த வூட்டு வாசல்லயாவது பாத்தேன், கால ஒடச்சிடுவேன். அப்பறம் ஒப்பாரி வெச்சிகினு வராத.”

முப்பது வருஷம் அவர்கள் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என் அப்பா. அந்தப் பழக்கத்தில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். “பெரியம்மாவ ஒரே ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறேங்கய்யா. ஒரு வார்த்த சொல்லணும்.” உலகநாதன் ஓர் அடி முன்னால் வந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊர் பேசுவதில் பொய் இல்லை. அந்த ஆறு மாதத்தில் அவர் இன்னாசிமுத்து தாத்தா வீட்டில் போய் உட்கார்ந்தார், வீரமணியின் மாமியார் வீட்டில் உட்கார்ந்தார், ஏரிக்கரைத் தெருவில் இரண்டு வீடுகளில் உட்கார்ந்தார். நாலு வீட்டிலும் சாவு விழுந்தது. இப்போது டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கண்ணீர் அஞ்சலி பேனர் டிசைன் செய்து பிழைக்கிறவன் சாவுக்குப் பயந்தால் சோறு இறங்காது. ஆனால் ஒன்று உறுத்தியது. முந்தின நாள் மத்தியானமே உலகநாதனின் மகன் மணிபாரதி எனக்குப் பாட்டியின் போட்டோவை அனுப்பி, “ரெடி பண்ணி வைண்ணா, வெளிய தெரிய வேணாம்” என்றிருந்தான். இப்போதெல்லாம் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் கைவிரித்தவுடன் முதல் போன் சொந்தக்காரனுக்குப் போகிறதோ இல்லையோ, டிசைன் கடைக்கு வந்துவிடும். ஆக, அந்த வீட்டாருக்கு வெளியே கிழவி விஷயம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ப்பா, ஒனக்கு யாரு சொல்றா?”

“யாரும் சொல்லல. படம் வருது.”

போனை எடுத்துக் காட்டினார். நான் புது போன் வாங்கியபோது அவருக்குக் கொடுத்த என் பழைய போன். அதில் நான் செய்த அஞ்சலிப் படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. மேலே உலகநாதனின் அம்மா, பக்கத்திலேயே மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோன என் அம்மா ரோசம்மாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்து, என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

என் கடைக் கணினி, வீட்டு லேப்டாப், என் போன் மூன்றிலும் ஒரே ஃபோல்டர் இருக்க வேண்டும் என்று சிங்க்திங் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். ஊர் பேர் தெரியாத ஆட்கள் பலபேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டது. ஓரிடத்தில் ஒரு படத்தைப் போட்டால் மற்ற இடங்களிலும் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் எந்தக் கம்பெனியும் கிடையாது; ஒன்றையொன்று தெரிந்த கருவிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அந்தப் பழைய போனிலிருந்து அதை எடுக்காமலே அப்பாவுக்குக் கொடுத்திருந்தேன். அது வீட்டு வைஃபையில் சத்தமில்லாமல் தன் பங்கை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா பக்கத்தில் நிற்பதற்கும் காரணம் என் சோம்பேறித்தனம்தான். நான் செய்த முதல் அஞ்சலி அம்மாவுடையது. அந்த ஃபைலில் முதல் பக்கம் அம்மா. இரண்டாம் பக்கத்தில் புது ஆளின் முகத்தையும் பெயரையும் வைத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படமாக்கிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அம்மாவும் புதிதாகப் படமாகி, புது ஆளோடு சேர்ந்தே வந்து நின்றாள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு எழுத்து வெறும் கோடு, முகம்தான் சேதி.

எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரிடா. நீதான் செய்யிற. ஒனக்கு யாரு அனுப்பறாங்க?”

“அவங்க வூட்டுக்காரங்கப்பா.”

“அவங்களுக்கு?”

பேச்சை மாற்றினேன். “நீ எதுக்குப்பா அங்கெல்லாம் போயி ஒக்கார்ற?”

போன் திரையை வேட்டியில் துடைத்தார். “ஒங்கம்மா போறப்ப நான் கரும்பு வெட்டப் பூட்டேன். சொல்ல வேண்டியது ஒண்ணு நின்னு போச்சு. அவ பக்கத்துல போறவங்ககிட்ட சொல்லி அனுப்பலாம்னுதான்.”

“நாலு பேருகிட்ட சொன்னியே, பத்தலயா?”

“சொன்னன். யாரும் சரின்னு சொல்லலடா. இன்னாசிக்குக் காது போயிடுச்சு. மத்தவங்களுக்கு நெனவு இல்ல. வாயத் தொறந்து ஒருத்தர் சரின்னு சொல்லணும். அப்பதான் போய்ச் சேரும்.”

என்ன வார்த்தை என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. உலகநாதன் சொன்னால் செய்கிறவர். இந்த மனிதர் இன்னொரு வாசலில் போய் உட்கார்ந்தால் கால் போய்விடும். போனைக் கேட்டேன், அம்மா அதில் இருக்கிறாள் என்று மடியில் முடிந்துகொண்டார். பிடுங்க மனசு வரவில்லை. கடைக்குப் போய், ஃபோல்டரை வாங்கும் கருவிகளின் பட்டியலிலிருந்து அப்பாவின் போனை எடுத்துவிட்டேன். இனிமேல் அதற்குப் படம் போகாது, அவரும் போக மாட்டார் என்று நிம்மதியாக இருந்தது. லில்லியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மாமனாரைத் தகப்பனைப்போலப் பார்த்துக்கொள்கிறவள் என் மனைவி. அவளைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது.

உலகநாதனின் அம்மா மறுநாள் காலையில் போனார். பேனர் நான் செய்ததுதான். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டோடு கிடந்தார். கேலரியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். பாகூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவார். ஊர்க்காரர்கள்கூட அவரைப் பார்த்தால் பழையபடி சிரிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். லில்லி கூடத்தில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. துவைத்த வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய்.

வண்டிச் சாவியை ஆணியில் மாட்டாமலே அவர் முன்னால் போய் நின்றேன்.

“ப்பா, எங்கனா போறியா?”

“இல்லடா. இங்கதான்.” கேட்காமலே போனை நீட்டினார். எடுத்துப் பார்த்தேன். அம்மா. பக்கத்தில் லில்லி. வெள்ளைப் பூ வளையத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் செய்ததுதான். முந்தின நாள் பெண்களுக்கென்று புது வளையம் ஒன்று வரைந்து, முகம் வைத்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கைக்கெட்டிய படத்தை வைத்தேன். எங்கள் கல்யாண நாளுக்காகப் பின்னணி வெட்டி வைத்திருந்த லில்லியின் படம். ஐந்து நிமிஷ வேலை. பெயர்கூடப் போடவில்லை. ஆனால் இந்த போனுக்கு எப்படி வந்தது? லேப்டாப்பைத் திறந்ததும் தெரிந்தது. கடைக் கணினியின் பட்டியலில் மட்டும்தான் அவர் போனை எடுத்திருந்தேன். வீட்டு லேப்டாப்புக்குத் தனிப் பட்டியல். அதில் அப்பாவின் போன் அப்படியே இருந்தது. கடைசியாக நான் லேப்டாப்பைத் திறந்தது கிழவி போவதற்கு முன்னால். நேற்று சாயங்காலம் மறுபடி திறந்தபோது அது கடையிலிருந்து படத்தை வாங்கி, அது பாட்டுக்கு அப்பாவின் போனுக்குக் கொடுத்திருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன். படத்தை அழித்தேன். அப்பாவின் போனில் அம்மாவின் பக்கத்து இடம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியானது.

“மாதிரிக்கு வெச்சதுப்பா. லில்லிக்கு ஒண்ணும் இல்ல. தோ பாரு, போயிடுச்சி.”

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவின் அடக்கத்தன்று என்னைப் பார்த்த அதே பார்வை. “சரிடா” என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தார். பகலில் படுக்கிற பழக்கமே இல்லாத மனுஷன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் குறட்டை கேட்டது.

“மாமா இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்காரு” என்றாள் லில்லி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒங்கிட்ட எதுனா சொன்னாரா?”

“ஆமா. அத்தகிட்ட சொல்லணுமாம். பாவம், வயசான மனுசன். சரி மாமா, சொல்றேன்னுட்டேன்.”

அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி கைவிட்டவர்கள், கிழடுகள். இது வெறும் ஃபோல்டர் விவகாரம். எனக்கு எல்லாமே தெரியும். ஒவ்வொரு படியும் தெரியும். எல்லாக் கருவியிலும் அழித்தாயிற்று. அவள் சொன்ன ‘சரி’யை மட்டும் நான் எந்தக் கருவியில் போய் அழிப்பது?

“இன்னா சொல்லச் சொன்னாரு?”

“ஒங்ககிட்ட சொல்லக்கூடாதாம்.” சிரித்தாள். “நீளமா இருக்குதுங்க. மறந்துடக் கூடாதுன்னு மூணுவாட்டி சொல்ல வெச்சாரு.”

“லில்லி, அது வேணாம். வுட்டுடு. மறந்துடு.”

அவள் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பாதியில் எங்கோ தடுக்கியதுபோல் புருவம் சுருங்கியது. மடியில் கீரைக்காம்பு அப்படியே கிடக்க, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.