எரியாத வீட்டின் கதை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டதில் பிறந்தது.

பினாங்கில் ஒரு நூலகக் கூட்டம். என் பழைய கதை ஒன்றில் வீடு எரிகிற பக்கத்தை உருக்கமாக வாசித்து முடித்திருந்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். பெயர் ஹபீபா பீவி. அவசர அழைப்பு அறையில் இருபத்தெட்டு வருடம் போன் எடுத்து ஓய்வு பெற்றவர்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா உங்க கதையில எல்லாம் தீயணைக்கிற பொம்பா வண்டி லேட்டாத்தான் வருது. அப்போ நாங்க என்ன தூங்கிக்கிட்டா இருந்தோம்?”

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“புது கம்ப்யூட்டர் வந்தப்போ ஆறு மாசம் பழைய காகித மேப்பையும் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கிட்டுத்தான் வேலை பார்த்தோம். ரெண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் வண்டி அனுப்புவோம். அந்த ஆறு மாசத்துல ஒரு வண்டிகூட வழி தப்பல லா. அதை ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறீங்களே?”

“ஒண்ணுமே நடக்கலையேக்கா. அதுல கதை எங்க இருக்கு?” என்றேன். வாய்க்கொழுப்பு.

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களை எழுத்தாளர்னு மேடையில உட்கார வெச்சிருக்காங்க.”

இந்த முறை கைதட்டல் அவருக்கு.

2

ரோஷத்தோடு உட்கார்ந்து எழுதிய முதல் தொடக்கம் இது:

“ஜார்ஜ் டவுனின் வானம் செக்கச் செவேலென்று—”

பாருங்கள், பேனாவைத் திறந்ததுமே தீ வைத்துவிட்டேன். அடித்தாயிற்று. இரண்டாவது:

“பித்தளைத் தலைக்கவசம் வெயிலில் மின்ன, பிச்சைமுத்து புதிய மோட்டார் தீயணைப்பு வண்டியின் மேல் ஏறி—”

கவசம் போட்டவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். பிச்சைமுத்து வண்டியோட்டியாகவே இருக்கட்டும், கதாநாயகனாக வேண்டாம். மூன்றாவது:

“1911ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, சூசை டெலிபோனைத் துடைத்தான்.”

இதை வைத்துக்கொள்கிறேன். (வருடம் முன்பின் இருக்கலாம். இந்தத் தீயணைப்பு நிலையத்தையும் இதன் தெருக்களையும் நான்தான் கட்டினேன். வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேட வேண்டாம்.)

3

சூசைக்கு முப்பத்து மூன்று வயது. நிலையத்தின் டெலிபோன் கிளார்க். மனைவி அமலம்மாளோடு சுங்கை பினாங் பக்கம், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீட்டில் குடியிருந்தான். டெலிபோன் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. காலையும் மாலையும் துணி கொண்டு அதைத் துடைப்பான். வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டான்.

அதுவரை நகரத்துக்குத் தீ என்று சொன்னது நிலையத்தின் காவல் கோபுரம்தான். அதன் மேலே சுலைமான் நின்று கூரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். புகை கண்டால் மணி. எத்தனை அடி என்பதை வைத்து எந்தத் திசை என்று கீழே கண்டுகொள்வார்கள். திசை தெரியுமே தவிர வீடு தெரியாது. குதிரைகள் புகையைத் தேடிக்கொண்டு ஓடும். இப்போது குதிரைகளின் இடத்தில் மோட்டார் வண்டி வந்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு ‘தீ’ என்றால் போதும், நேரே சூசையின் காதுக்கு வரும்.

நிலையத்தின் தலைவரான வெள்ளைக்காரத் துரை ஒரு காகிதம் தயாரித்திருந்தார். அதில் இரண்டே வாக்கியம். ஒன்று: டெலிபோன் அறை முழுத் தயார். இரண்டு: கோபுரமும் மணியும் இனித் தேவையில்லை. கீழே சூசையின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

சூசை கையெழுத்துப் போடவில்லை. ஒருநாள் அவகாசம் கேட்டான். நகரத்தின் பன்னிரண்டு இடங்களிலிருந்து, அங்கே குடியிருப்பவர்களே பொய்த் தீ சொல்லிக் கூப்பிடட்டும், வண்டி போய்ச் சேருகிறதா பார்ப்போம் என்றான்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். டெலிபோனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிற மனிதன் எதற்கு அதைச் சோதிக்கிறான்? அவனுக்கு ஒரு காரணம் கொடுத்துப் பார்த்தேன்:

“சின்ன வயதில் சூசையின் வீடு எரிந்து—”

மறுபடியும் தீ! கை பழகிப்போய்விட்டது. அடித்தேன்.

காரணம் அதைவிடச் சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற பத்துப் பேரிடம் விளையாட்டாகக் கேட்டிருந்தான்: உங்கள் வீட்டில் தீப் பிடித்தால் டெலிபோனில் எந்தத் தெரு என்று சொல்வீர்கள்? துரையின் வரைபடத்தில் இருக்கிற பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. வரைபடத்தில் ஹார்ட்லி லேன் என்றிருப்பது நம்மவர்களுக்குச் சுண்ணாம்புக் கொட்டகைச் சந்து. மலாய்க்காரர்களுக்கு அது தென்னந்தோப்பு, சீனர்களுக்கு ஆட்டுக்காரன் தெரு. கொட்டகையும் தோப்பும் ஆடும் போய் எத்தனையோ வருடமாகிறது. பெயர்கள் மட்டும் போகவில்லை.

டெலிபோனை அவன் நேசித்தான். அது ஊர் சிரிக்கத் தோற்றுப்போவதை அவனால் தாங்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

5

சோதனை நாள். துரை கையில் கடிகாரத்தோடு சூசையின் பின்னால் நின்றார். வெளியே பிச்சைமுத்து மோட்டாரை உறும விட்டுக்கொண்டு காத்திருந்தான். மேசையில் துரை சீமையிலிருந்து வரவழைத்த படிவம். முதல் கட்டம், வீட்டுக்காரர் பெயர். இரண்டாவது தெரு. விளையாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களைத் தடுக்க, முதல் கட்டம் நிரம்பாமல் வண்டி கிளம்பக்கூடாது என்பது கட்டளை.

முதல் மூன்று அழைப்புகளும் பெரிய கடைகளிலிருந்து வந்தன. வண்டி ஜோராகப் போய் வந்தது. துரையின் மீசை மலர்ந்தது. நான்காவது அழைப்பு, ஷேக் அலாவுதீன் மளிகைக் கடையிலிருந்து.

“ஹலோ, பயர் ஸ்டேஷன்.”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஹலோ? யாரு பேசுறது?”

“நான்தாங்க.”

சூசையின் காது சிவந்தது. அமலம்மாள். அந்தப் பகுதிக்கு ஆள் பிடிக்கிற பொறுப்பைக் கடைக்காரரிடம் விட்டிருந்தான். அவர் இவளையே பிடித்துவிட்டார்.

“தீ எங்க?”

“அடுப்பங்கரையிலதாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நெசமா இல்லைங்க, சும்மாதான்.”

“அது தெரியும். வீட்டுக்காரர் பேரு?”

மறுமுனையில் வளையல் குலுங்கும் சத்தம்.

“வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்மா.”

“நல்லாக் கேக்குறீங்களே! உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சா ஆச்சா? நீ சொல்லணும், நான் எழுதணும்.”

“கடையில நாலு ஆம்பளைங்க நிக்கிறாங்க. அவங்க முன்னால உங்க பேரை என் வாயால சொல்லச் சொல்றீங்களா? ஊரு என்ன பேசும்?”

“சரி விடு. தெரு?”

“சுண்ணாம்புக் கொட்டகைச் சந்துங்க.”

சூசை பேனாவைக் கீழே வைத்தான். அது ஹார்ட்லி லேன் என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக்காரன் பெயரும் தெரியும். எழுதிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். துரையும் கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் நாளை இந்த நாற்காலியில் இருப்பவன் வேறொருவனாக இருந்தால்? அவனுக்கு அமலம்மாள் யாரோ, சந்து எங்கேயோ. தன் வீடு என்பதால் தெரிந்த எதையும் அவன் எழுதவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் தெருவை மூன்று முறை சொன்னாள், பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

பதினோரு நிமிடம். வண்டி உறுமியது உறுமியபடி வாசலிலேயே நின்றது. அத்தாப்புக் கூரைக்குப் பதினோரு நிமிடம் மிகவும் அதிகம். அதற்குள் தீ நாலு வீடு தாண்டியிருக்கும்.

பன்னிரண்டில் ஏழு தேறின. மற்ற ஐந்தில் இரண்டு, புருஷன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்ற பெண்களால். மூன்று, வரைபடத்தில் இல்லாத தெருக்களால்.

6

(துரையும் சூசையும் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன்.)

“உங்கள் பெண்களுக்குப் பெயர் சொல்லக் கற்றுக்கொடு,” என்றார் துரை.

“பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், துரை. படிவம் ஒன்றுதான். அதை மாற்றுவது சுலபம்.”

துரையின் முகம் மாறியது. “கையெழுத்துப் போடு. போடாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார்.”

சூசை நாற்காலியைப் பார்த்தான், டெலிபோனைப் பார்த்தான். தன் முகம் தெரியுமளவுக்குத் துடைத்து வைத்திருந்தான் அதை.

“மூன்று மாதம் கொடுங்கள். அதுவரை டெலிபோனும் இருக்கட்டும், மணியும் இருக்கட்டும். இன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து.”

இந்த இடம் வரை அவனை ‘அவன்’ என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இனிமேல் கை வரவில்லை. அவர்.

அன்று மாலை வீட்டில் அமலம்மாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்னாலதானே உங்க வேலைக்குக் கேடு?”

“உன்னால இல்ல அமலம். உன்னாலதான் கோளாறு வெளிச்சமாச்சு.”

துரையை வில்லனாக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கதைக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்தது அவர் கண்தான். இரண்டு நாள் முறைப்பாகத் திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் காகிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். “மூன்று மாதம். ஒரு நாள் கூடக் கிடையாது.”

7

அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்றால், சூசை நடந்தார். வேலை முடிந்ததும் நோட்டும் பென்சிலுமாக ஒவ்வொரு தெருவிலும் கேட்டு, நான்கு பாஷைப் பெயரையும் எழுதிக்கொண்டார். கோபுரத்திலிருந்து சுலைமான் இறங்கி வந்து நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்.

“தம்பி, மேலேருந்து பார்த்தா தெருப் பேரா தெரியுது? பக்கத்துல கோயில் இருக்கா, பள்ளிவாசல் இருக்கா, பெரிய மரம் இருக்கா, அதுதான் தெரியும். அதை மொதல்ல கேளுங்க.”

“அண்ணே, இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“யாரு கேட்டா? என்னை வீட்டுக்கு அனுப்புறதுலதானே எல்லாரும் குறியா இருந்தீங்க.”

சூசைக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றே புதுப் படிவம் எழுதினார். முதல் கேள்வி: பக்கத்தில் என்ன இருக்கிறது? இரண்டாவது: உங்கள் வாயில் தெருவுக்கு என்ன பெயர்? வீட்டுக்காரர் பெயரைக் கடைசிக்குத் தள்ளி, வண்டி போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று குறித்தார். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களை டெலிபோன் இருக்கிற கடைக்காரர்களே பார்த்துக்கொள்வதாக ஏற்றார்கள். உண்மையான அழைப்பு வரும்போதெல்லாம் மணி முந்தியதா டெலிபோன் முந்தியதா என்று பதிந்து வைத்தார்.

இரண்டாம் சோதனையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அமலம்மாள் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடி வருவதற்குள் பிச்சைமுத்து சந்து முனையில் வண்டியோடு நின்றான். நான்கு நிமிடம். அக்கம்பக்கம் முழுக்கக் கூடிவிட்டது.

“பேரைச் சொல்லாமலே வந்துட்டாங்க, பார்த்தீங்களா!” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. அந்தக் குரலை எழுதும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. மறைப்பானேன்?

துரை இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்தார். டெலிபோன் அறை முழுத் தயார் என்ற வாக்கியத்துக்கு நேரே சூசை பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது வாக்கியத்தை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே எழுதினார்: “டெலிபோன் கம்பி அறுந்தால் என்ன செய்வது என்று தெரியும் வரை மணி இருக்கும்.”

எழுதிவிட்டு, காகிதத்தைத் துரையிடம் நீட்டினார்.

8

துரை என்ன செய்தார்? மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

(அ) துரை கோபத்தில் சூசையை வீட்டுக்கு அனுப்புகிறார். மறுவாரம் புயலில் கம்பி அறுகிறது, சுங்கை பினாங்கில் தீ. சுலைமானின் மணிதான் ஊரைக் காப்பாற்றுகிறது. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு சூசையின் வாசலுக்கு—

(ஆ) துரையும் கையெழுத்துப் போடுகிறார். வருடக்கணக்காக மணியும் டெலிபோனும் சேர்ந்தே இருக்கின்றன. கம்பி அறுந்த அன்று எங்கும் தீ இல்லை. சூசை சரியா தவறா என்று கடைசிவரை யாருக்கும் தெரிவதில்லை.

(இ) காகிதம் துரையின் கையில், அப்படியே.

முதல் முடிவுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது, எனக்கே கண் கலங்கியது. பிறகு கிழித்துப் போட்டேன். சூசை செய்தது சரி என்று காட்ட அதில் ஒரு வீட்டை நான் கொளுத்த வேண்டியிருந்தது. உள்ளே ஒரு குடும்பத்தையும் வைத்தால்தான் எடுபடும். எந்த வீடும் எரியக்கூடாது என்று மூன்று மாதம் தெருத்தெருவாக அலைந்தவருக்கு நான் செய்கிற மரியாதையா அது? அவர் செய்தது சரி. தீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அதனால் இந்தக் கதையில் தீ இல்லை. துரையின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, ஒரு வீடாவது எரிந்தால்தான் நம்புவேன் என்கிறவர்கள், தயவுசெய்து தங்கள் வீட்டு முகவரியை எனக்கு எழுதி அனுப்பவும்.